தக்கலை – திருவட்டார் – திற்பரப்பு – பத்மநாபபுரம் சைக்கிள் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. இந்தப் பக்கத்து ஊர்களும் சாலைகளும் எனக்குப் பழக்கம். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தக்கலையில் தொடங்கித் தக்கலையிலேயே முடிகிறது. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலையில் அழகியமண்டபம். அங்கே வலதுபுறம் திரும்பி வேர்கிளம்பி, திருவட்டார். திருவட்டாரிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மூன்று கிலோமீட்டர் போல ஒரு கிளை போய் வர வேண்டும். அப்புறம் குலசேகரம், அருவி உள்ள திற்பரப்பு. திரும்புகிற வழி திருநந்திக்கரை, பொன்மனை, சித்திரங்கோடு, பன்னிப்பாகம், பத்மநாபபுரம் கோட்டை, தக்கலை. எங்கெங்கே விலகிப் போய்ப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஐம்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம் வரும்.

நடுத்தரமான சுற்று என்கிறார்களே, அது யாருக்கு?

ஒரே மூச்சில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு. இங்கே நீளமான மலையேற்றம் கிடையாது. ஆனால் சமதளமும் கிடையாது. சாலை முந்நூறு நானூறு மீட்டர் தூரத்துக்கு ஏறும், உடனே இறங்கும், ஒரு ஓடையைக் கடக்கும், மறுபடி ஏறும். தனியாக எடுத்தால் எந்த ஏற்றமும் ஆளைச் சாய்க்காது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதுதான் காலைப் பிடிக்கும். இறக்கத்தில் கிடைத்த வேகத்தை அடுத்த ஏற்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட வேண்டாம். பெரும்பாலான இறக்கங்களின் அடியில் வளைவோ, சின்னப் பாலமோ, பேருந்து நிறுத்தமோ இருக்கும். பிரேக் பிடித்தே ஆக வேண்டும்.

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஏறும்போது இரண்டு பக்கமும் ரப்பரோ, வீடோ, கோவிலோ, சர்ச்சோ இருக்கும். இறங்கினால் தண்ணீரும், தண்ணீரை நம்பிய பயிரும் இருக்கும். இங்கே மேடும் பள்ளமும் எப்படிப் பயன்பட வேண்டும் என்று பல நூறு ஆண்டுகளாக உழவர்கள் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். காரில் போனால் அது தெரியாது. சைக்கிளில் போனால் உங்கள் தொடைக்குத் தெரியும். வேகக் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு இதற்காக வாருங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எந்த சைக்கிள், எந்தக் கியர்?

ரோடு பைக் போதும். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 32 என்றால் எல்லா ஏற்றத்தையும் உட்கார்ந்தபடியே முடிக்கலாம். 25 மில்லிமீட்டர் டயர் ஓடும், 28 நிம்மதி. ஊர்ச்சாலைகளில் ஒட்டுப்போட்ட தாரும், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகளும் உண்டு. கியர் உள்ள ஹைபிரிட் சைக்கிளும் தாராளமாகப் போகும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் உள்ளூர்க்காரர்கள் ஏறத்தான் செய்கிறார்கள். ஆனால் பழக்கமில்லாதவருக்கு மூட்டு வலிக்கும்.

எந்த மாதத்தில் வரலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கித் தென்மேற்கு, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு. மார்ச்சுக்குப் பிறகு வெயிலைவிடப் புழுக்கம்தான் வாட்டும், கோடைமழையும் இடையிடையே வரும்.

ஜனவரியில் வருபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் மரம் அந்தச் சமயத்தில் இலை கொட்டும். நிழல் இருக்கும் என்று நம்பி வந்தால் சில இடங்களில் மொட்டை மரங்கள்தான் வரவேற்கும். பிப்ரவரி வாக்கில் செம்பு நிறத்தில் தளிர் விட்டு, பிறகு பச்சையாகும். அந்தத் தளிர்க் காலத்தில்தான் தோட்டங்களுக்குள் தேனீப் பெட்டிகளை வரிசையாகப் பார்க்கலாம். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளம் இலையின் காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. மார்த்தாண்டம் தேன் பேர்பெற்றதற்கு இந்த மரங்களும் ஒரு காரணம். பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம். வியர்த்த உடம்போடு போனால் கொட்டு வாங்குவது உறுதி.

மழைக்காலத்தில் வரவே கூடாதா?

வரலாம், பச்சை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆனால் மேட்டுத் தோட்டங்களிலிருந்து செம்மண் வழிந்து வளைவுகளில் படிந்திருக்கும். அதன்மேல் ரப்பர் இலையும் விழுந்தால் சாலை வழுக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள்.

என்ன கிழமை, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

எந்தக் கிழமையானாலும் விடிவதற்குச் சற்று முன் தக்கலையை விட்டுவிடுங்கள். அழகியமண்டபம் வரைக்குமான நெடுஞ்சாலைத் துண்டு இந்தச் சுற்றிலேயே மோசமான பகுதி. அதை வண்டிகள் பெருகுமுன் கடந்துவிட வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு. ஆனால் சர்ச் விடும் நேரத்தில் ஊர்முனைகளில் கூட்டம் இருக்கும், திற்பரப்பிலும் நெரியும். திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. எல்லாவற்றையும் கூட்டிக்கழித்துப் பார்த்தால் ஞாயிறு விடியற்காலைதான் என் தேர்வு. திற்பரப்பைக் காலை எட்டரை, ஒன்பதுக்குள் தொட்டுவிட்டால் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பிவிடலாம்.

வழியில் என்ன விவசாயம் பார்க்கலாம்?

ரப்பர்தான் கண்ணில் அதிகம் படும். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் ஏறக்குறைய இந்த ஒரு மாவட்டம்தான். அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமும் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கடந்துபோகும் தோட்டங்களில் நிறைய, ஒரு குடும்பத்தின் சில ஏக்கர்கள்தான். காலையில் மெதுவாகப் போனால் பால்வெட்டும் தொழிலாளிகளைப் பார்க்கலாம். மரப்பட்டையில் சாய்வாக மெல்லிய கீற்று ஒன்றைச் சீவி எடுப்பார்கள். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. சீவிய நிமிடத்தில் வெள்ளைப் பால் அந்தச் சாய்வு வழியே இறங்கித் தகரத் தூம்பில் சொட்டி, கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் விழும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் விடியுமுன்னே வேலை. பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி ஷீட் ஆக்கி வீட்டுமுன் கொடியில் காயப் போட்டிருப்பார்கள். அந்தப் புளித்த வாடை சாலைவரை வரும், இரண்டு ஏற்றத்துக்குள் மூக்குக்குப் பழகிவிடும்.

பள்ளத்தில் வாழை, மரச்சீனி (மரவள்ளி), தென்னை, சில இடங்களில் நெல். ஒரு காலத்தில் இந்தப் பள்ளங்கள் முழுக்க நெல்வயலாக இருந்தவை. நெல்லில் கட்டுப்படியாகாமல் வாழைக்கு மாறினார்கள். வாழைக்குப் பின் தென்னையோ, மண் போட்டு மேடாக்கி வீடோ வந்தது. குளத்தையும் வயலையும் மூடிய இடத்தில் மழைத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் சாலையில் நிற்கிறது. பார்க்க எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. இன்னமும் வயல் வைத்திருக்கும் பள்ளம் ஒன்று வந்தால் நின்று பாருங்கள். வரப்பில் ஏறி நடக்காதீர்கள். நனைந்த வரப்பு ஒரு ஷூ மிதியில் இடிந்துவிடும், அதைத் திரும்பக் கட்ட ஒரு ஆள் கூலி வேண்டும்.

இங்கே நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். புரட்டாசியையொட்டி அறுப்பது கன்னிப்பூ, மாசியையொட்டி அறுப்பது கும்பப்பூ. அந்த மாதங்களில் வந்தால் அறுப்பு பார்க்கலாம். ஆனால் சாலையோரத்தில் நெல்லோ வைக்கோலோ காயப் போட்டிருந்தால் விலகிப் போங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இந்த நிலத்தின் கதை முழுக்க அங்கே இருக்கிறது என்பேன். மேடும் பள்ளமுமான நாட்டில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கால்வாயைக் கொண்டுபோவது எப்படி? இடையில் பரளியாறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. அதனால் ஆற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்களை நிறுத்தி, 1,240 அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் தொட்டியைக் கட்டி, பட்டணங்கால் கால்வாயை அதன் வழியே நடத்திவிட்டார்கள். பணி முடிந்தது 1966-இல், திட்டம் காமராஜர் ஆட்சிக் காலத்தது. தண்ணீர் போவது விளவங்கோடு, கல்குளம் பகுதி நிலங்களுக்கு.

சைக்கிளில் ஏறி இறங்கி வந்த பிறகு அதன்மேல் நிற்பது தனி அனுபவம். நீங்கள் மூச்சு வாங்கிக் கடந்த பள்ளத்தைத் தண்ணீர் ஒரு சொட்டும் இறங்காமல் கடக்கிறது. பாலத்தின் மேல் நடைபாதை குறுகல். அதில் சைக்கிளை ஓட்டவோ உருட்டவோ வேண்டாம், எதிரே வருகிறவர்களுக்கு இடம் இருக்காது. பூட்டிவிட்டு நடந்து போங்கள். முனைவரை போய், நேரம் இருந்தால் படிக்கட்டில் இறங்கித் தூண்களை அடியிலிருந்தும் பாருங்கள். எனர்ஜி பார் உறை, வாழைப்பழத் தோல் எதையும் தொட்டிக்குள் போடாதீர்கள். கீழே யாரோ ஒருவர் மடையில் அதைக் கையால் எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

சைக்கிள் உடையில் திருவட்டார் கோவிலுக்குள் போகலாமா?

போக முடியாது. பையில் ஒரு வேட்டியோ சேலையோ வைத்துக்கொள்ளுங்கள். கேரள முறை வழிபாடு நடக்கும் கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் போகும்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஆதிகேசவப் பெருமாள் கோவில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட திருமேனி, மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். சுற்றுப் பிரகாரத்தின் தூண் வரிசை இரண்டு பக்கமும் பாவை விளக்கேந்திய சிலைகளோடு நீண்டுபோகும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. கோவில் நிற்பதும் ஒரு மேட்டில்தான், ஆறு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இது சிவாலய ஓட்டம் போகிற பாதைதானே?

பாதிச் சுற்று அதுதான். மகா சிவராத்திரியை ஒட்டி, பக்தர்கள் கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடுவார்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும். அதில் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம் என்ற ஐந்து கோவில்களும் நம் திரும்பும் வழியில் அதே வரிசையில் வருகின்றன. கல்குளம் கோவில் பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. சைக்கிள் இல்லாத காலத்திலிருந்தே இந்த மேடுபள்ளத்தை ஒரு பகல் ஒரு இரவில் வெறுங்காலோடு ஓடிக் கடந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள், பொன்மனை ஏற்றம் சுலபமாகிவிடும். அந்த நாளில் மட்டும் சைக்கிளோடு வர வேண்டாம். சாலை ஓடுகிறவர்களுக்கு உரியது.

நவராத்திரிக்கு முன்பும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் சரஸ்வதி, குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்பும் நாளில் நெடுஞ்சாலை நகராது. ஊர்வலம் பார்க்க வேண்டியது, ஆனால் ஓரமாக நின்று.

திருநந்திக்கரையை விட்டுவிட்டால் தூரம் குறையுமே?

குறையும். விட வேண்டாம். பாறையைக் குடைந்து எடுத்த சின்னக் குடைவரை அங்கே இருக்கிறது. உள்சுவரில் பழைய ஓவியத்தின் கோடுகள் அங்கங்கே மிச்சம். கூட்டம் இருக்காது. பாறையின் குளிர்ச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே கால் தேறிவிடும்.

எங்கே சாப்பிடலாம்?

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்காகச் சாயாக்கடைகள் சீக்கிரமே திறந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிடக் குலசேகரம் சரியான இடம், ஏறக்குறைய பாதி வழி. புட்டு, கடலைக்கறி, ஆப்பம், தோசை கிடைக்கும். மதியத்தை ஒட்டி வருகிறவர்கள் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏற்றம் ஏறுவது கஷ்டம், சுற்றை முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஓடும்போது சாப்பிட மட்டிப்பழத்துக்கு ஈடு இல்லை. விரல் தடிமன்தான் இருக்கும், தோல் மெல்லிசு, மணம் தூக்கும். இந்தப் பக்கம் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பழம் அது, அவ்வளவு எளிதாகச் செரிக்கும். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெட்டிக்கடையில் குலையோடு தொங்கும். இரண்டு சீப்பு வாங்கி ஜெர்ஸிப் பையில் போட்டால் நசுங்கிவிடும். நாலைந்து மட்டும் பிய்த்து வாங்கி, அடுத்த கடையில் மறுபடி வாங்குங்கள். ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) பசி தாங்கும். கோடையில் சாலையோரம் அக்கானி (பதநீர்) கிடைத்தால் விடாதீர்கள்.

அரண்மனை தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளமா?

ஆமாம். திருவிதாங்கூர் அரசின் தலைநகராக இருந்த ஊர் பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நீடிக்கிறது. மரவேலைக்காகவே ஒரு முறை பார்க்க வேண்டும். மதியம் சாப்பாட்டு இடைவேளை உண்டு, அதைக் கணக்கு வைத்து வந்து சேருங்கள்.

தெம்பு மிச்சம் இருந்தால் நெடுஞ்சாலையில் நாகர்கோவில் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் போல் போய்ப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையையும் பார்க்கலாம். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்காவும் பக்கம்தான்.

சாலையில் ஆபத்து எது?

கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள். சித்திரங்கோடு பக்கம் குறிப்பாகக் கவனம் வேண்டும். குறுகலான சாலையில் பேருந்தை முந்த அவை வெளியே வரும்போது எதிரே சைக்கிள் வருவது கண்ணில் படாது. பின்னால் ஹாரன் கேட்டால் வீம்புக்கு நடுச்சாலையைப் பிடிக்காமல் ஓரமாக நின்று விட்டுவிடுங்கள். குழுவாக வந்தால் ஒற்றை வரிசை. நாய்த் தொல்லை உண்டு. துரத்தினால் இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பஞ்சர் ஆனால்?

பெரிய ஊர்களில் சைக்கிள் கடை உண்டு, ஆனால் ரோடு பைக்குக்கான 700சி அளவு டியூப் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு டியூப், ஒட்டு, கைப்பம்பு கொண்டுவாருங்கள். உங்களுடையது ப்ரெஸ்டா வால்வ் (ரோடு பைக்கில் வரும் ஒல்லியான வால்வ்) என்றால் அடாப்டரும் வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் காற்றால் பயனில்லை.

ஏற்றமே வேண்டாம், குழந்தைகளோடு வருகிறோம் என்றால்?

அப்படியானால் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம் போங்கள். நாகர்கோவிலை ஒட்டித் திருப்பதிசாரம், பூதப்பாண்டி, தேரூர், சுசீந்திரம் என்று சின்னச் சின்னத் துண்டுகளாக ஓட்டலாம். பழையாறும் குளங்களும் பாயும் நெல் நிலம், பெரும்பாலும் சமதளம். சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை, பறவைகள் நிறைய வரும். தேரூர் கவிமணி பிறந்த ஊர், பூதப்பாண்டி பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். ஒரே எச்சரிக்கை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது எதிரே வீசினால் சமதளமும் மலையேற்றம்தான்.

சைக்கிளோடு எப்படி வந்து சேர்வது?

ரயிலில் என்றால் நாகர்கோவில் சந்திப்பு. தக்கலைக்கு இரணியல் நிலையம்தான் கிட்டம், ஆனால் அங்கே வண்டி நிற்கிற நேரத்துக்குள் சைக்கிளை இறக்குவது பாடு. நாகர்கோவிலிலிருந்து தக்கலை பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். முந்தின நாளே வந்து தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ அறை எடுத்துவிட்டால் விடியலில் கிளம்ப வசதி.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை அணைவரை நீட்டலாமா?

அணைவரை நீட்டலாம், ஏற்றம் கொஞ்சம் கூடும். 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த, திருவிதாங்கூர் காலத்து அணை. வழியெல்லாம் நீங்கள் பார்த்த பாசனத்துக்கு ஆதாரமே பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் சிற்றாறும் சேர்ந்த கோதையாற்றுத் திட்டம்தான். ஆனால் அணைக்கு அப்பால் கோதையாறு போகும் காட்டுச்சாலையில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடம் அது. அனுமதி கிடைத்தாலும் மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.